முப்பத்தொன்றாம் எண்

பட்டியலின் பதினாலாம் எண்ணுக்கு வந்ததும் அவள் குரல் நின்றது.

எதிரே புரூப் தாளின் மேல் குனிந்திருந்த லூர்து, நிமிராமலே, "பராசரன்" என்றார்.

அவள் தலையசைத்தாள். கட்டுரைத் தலைப்பையும் ஆண்டையும் கைப்பிரதியிலிருந்து அவளே படித்தாள்.

காலையில் அவள் வந்து உட்கார்ந்ததுமே அச்சகத்துப் போர்மேன் லூர்து செய்த ஏற்பாடு அது. "ஐயா பேரு வர்ற இடத்தை நானே சொல்லிக்கிறேம்மா, நீங்க தலையாட்டினாப் போதும். எங்க வீட்ல ரோசரியும் இப்படித்தான். லூர்து மாதாவைக் கும்பிடும்போதுகூட 'அந்த ஊர் மாதாவே'ன்னுதான் கும்பிடும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஐயா கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது, மூன்று மாதமாக அச்சுக்கோக்கிறவர்களுக்குக் கண் வலியே இல்லை என்றும் அவர் சொன்னார். அதற்கும் தலையசைத்து வைத்தாள்.

அவள் கணவர் கண்ணில் புரை எடுத்துக் கட்டோடு படுத்திருந்தார். கல்வெட்டு ஆராய்ச்சிப் புத்தகத்தில் மேற்கோள் பட்டியல் ஒன்றுதான் பாக்கி. இன்று பார்த்துக் கொடுத்தால் நாளை அச்சேறிவிடும். அதற்காகத்தான் ஸ்ரீரங்கத்திலிருந்து ஜட்கா பிடித்து, பாலம் கடந்து, பாலக்கரைக்கு வந்திருந்தாள்.

புத்தகத்துக்குள் வெறும் எண்தான். எழுதியவர் யார் என்பது இந்தப் பட்டியலில்தான் தெரியும்.

பதினெட்டு. "பராசரன்." தலையசைத்தாள்.

இருபத்தாறு. தலையசைத்தாள். பதினாலைப்போல அவை இரண்டும் கணவர் எழுதியவைதான்.

முப்பத்தொன்று புத்தகத்தில் பதினோரு இடங்களில் வருகிறது. அவள் எண்ணியிருந்தாள்.

கோயிலில் அணையாமல் எரியவிட்ட நந்தாவிளக்குகளின் கல்வெட்டுகளைப் பற்றிய கட்டுரை அது. எட்டு வருஷத்துக்கு முன்னால், பிரகாரத்தைச் சுற்றுகிறாள் என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்த மத்தியானங்களில், சுவரோடு முகம் வைத்து எழுத்தெழுத்தாகப் படித்து, வீட்டுக்கு வந்து எழுதினாள். பெண் பெயர் போட்டால் யார் படிப்பார்கள் என்று சொல்லி, அவர் தம் பெயரைப் போட்டு மாத இதழுக்கு அனுப்பினார். கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும்போல் இருக்கிறது என்பதுபோலச் சொன்னார். அவள் தலையசைத்தாள்.

அன்று ஆரம்பித்ததுதான் இந்தத் தலையசைப்பு.

"முப்பத்தொண்ணு" என்றாள்.

"பராசரன்" என்று சொல்லிவிட்டு லூர்து காத்திருந்தார்.

தலை அசையவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

கழுத்து அதுபாட்டுக்குத் தாழ்ந்துவிடுமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. விரலைக் கைப்பிரதியின் மேல் ஊன்றிக்கொண்டாள்.

"இல்லை. அந்த இடத்துல வேதவதின்னு போடுங்கோ."

"வேதவதி." லூர்து பேனாவால் பழைய பெயரை அடித்து, ஓரத்தில் புதுப் பெயரை எழுதினார். "எண்ணு மாறலை, நல்லதாப் போச்சு. யாரும்மா இது, புதுசா இருக்கு?"

யாராவது ஒருநாள் அந்தப் பழைய இதழைத் தேடிப் புரட்டட்டும். இங்கே ஒரு பெயர், அங்கே ஒரு பெயராக இருக்கிறதே என்று வந்து கேட்கட்டும். கண் கட்டு அவிழ்ந்ததும் முதலில் கேட்கப்போகிறவர் யார் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"முப்பத்திரண்டு" என்று படிக்கத் தொடங்கினாள்.

எண்பத்து நான்கோடு பட்டியல் முடிந்தது. லூர்து கடைசித் தாளைத் திருப்பி, அச்சிடலாம் என்று எழுதி ஒரு கையெழுத்துப் போடச் சொன்னார். ஐயாவுக்குப் பதிலாக நீங்கள் போட்டால் போதும் என்றார்.

அவள் நிதானமாக, முத்து முத்தாக எழுதி, கீழே தன் பெயரைப் போட்டாள்.

மை காய ஒற்றுத்தாளை அழுத்தி எடுத்தவர், அந்தப் பெயரைப் பார்த்தார். திருத்திய வரியைப் பார்த்தார். பிறகு 'அச்சிடலாம்' என்ற சொல்லை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆளைக் கூப்பிட்டு, முப்பத்தொன்றில் பெயரை மாற்றச் சொல்லித் தாளைக் கொடுத்தனுப்பினார்.

பின்பு கைப்பிரதிக் கட்டைத் தன் பக்கம் இழுத்து, முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டத் தொடங்கினார்.