வெள்ளச்சி நிற்கும் இடம்

கணபதி பகுதியில் வண்டி ஸ்பேர்ஸ் கடை வாசலில், முன்சக்கரம் கழன்ற பிக்கப் வண்டி ஜாக்கியின் மேல் நிற்கிறது. பழைய பிரேக் டிஸ்க்கை மெக்கானிக் சென்னியப்பன் வெயிலில் திருப்பிக் காட்டுகிறார். புவனா நகத்தால் தடவுகிறாள், வரிவரியாகத் தட்டுப்படுகிறது. குதிரைகளை ஊர் ஊராக ஏற்றிப் போவது அவள் பிழைப்பு. போன வாரம் பிரேக் வெடுக்கென்று பிடித்ததில், பின்னால் நின்ற வெள்ளச்சி முன்னங்கால்கள் மடங்கி விழுந்தாள். அதிலிருந்து வண்டியைக் கண்டாலே அந்தக் குதிரை மிரள்கிறது. நாளைக்கு அவளை அந்தியூர்க் குதிரைச் சந்தைக்கு ஏற்றிப் போக வேண்டும். கடைக்கார மெர்சி இரண்டு ஜோடி பிரேக் பேடுகளை மேசையில் வைக்கிறாள். “இது கல்லு, கம்பி ஏத்தறவங்க கேக்கறதுங்க, சட்டுனு புடிக்கும். இது பதமாப் புடிக்கும்.” புவனா இரண்டாவதை எடுத்துக்கொள்கிறாள். “டிஸ்க்கும் புதுசாவே போட்ருங்கண்ணா.” மாட்டி முடித்ததும் சாவியைச் சென்னியப்பனிடம் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் ஏறுகிறாள். வைக்கோல் ஒட்டிய தளத்தில் வெள்ளச்சி நிற்கும் இடத்தில் நிற்கிறாள். “கம்பியைப் புடிச்சுக்க அம்மணி.” “வெள்ளச்சி எதைப் புடிப்பாளுங்க? ஓட்டுங்க.” லேத் பட்டறைகளின் இரைச்சலுக்கு நடுவே வண்டி சந்தில் வேகமெடுக்கிறது. “மிதிக்கறேன் அம்மணி” என்று முன்னாலிருந்து குரல் வருகிறது. அவள் உடல் மெல்ல முன்னால் சாய்ந்து, கால் விரல்கள் தளத்தில் அழுந்த, மறுபடி நிமிர்கிறது. பாதங்கள் நகரவில்லை. “இன்னொருக்காங்கண்ணா. எப்ப மிதிக்கறீங்கன்னு மட்டும் சொல்லாதீங்க” என்று சிரித்தபடி கண்களை மூடிக்கொள்கிறாள்.