நுரை பொங்கும் ஊர்

“இங்க பாரேன், மலைச்சரிவு பூரா திராட்சைத் தோட்டம். நுரை பொங்கற ஒயின் இந்த ஊர்லதான் செய்யறாங்களாம்” என்று போனை மனைவியின் முகத்துக்கு நேரே நீட்டினார் தையல்கடைக்காரர்.

“எங்க தங்கறது?”

“பழைய அரண்மனையை ஹோட்டலாக்கியிருக்காங்க. அங்கதான்.”

“அரண்மனையா! நாம குடிச்சதெல்லாம் மிஞ்சிப்போனா சோடா. ஒயினைக் குடிச்சிட்டு நான் உளறினா?”

“நானும் சேர்ந்து உளறறேன். நம்ம பாஷை அங்க யாருக்குத் தெரியும்?”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “கடை?”

“பூட்டிடலாம்.”

“யூனிஃபார்ம் துணி மலை மாதிரி குவிஞ்சு கிடக்கே!”

“கிடக்கட்டும். ஃபிளைட்ல உனக்கு ஜன்னலோர சீட்டு.”

காய்ச்சல் வந்தாலும் கடையைத் திறக்கிற மனுஷன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டத் தலையாட்ட, அவளுக்குப் பயம்தான் கூடியது.

எதிர்க் கதவு திறந்து நர்ஸ் கூப்பிட்டாள். போன் அவர் கையிலிருந்து நழுவியது.

உள்ளே டாக்டர் சிரித்த முகமாக இருந்தார். “மார்புல இருக்கறது சாதாரணக் கட்டிதாம்மா. புற்றுநோய் இல்ல. நிம்மதியா வீட்டுக்குப் போங்க.”

வெளியே வந்ததும் அவர் பெஞ்சில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

“நிஜமாவே உன்னை அங்க கூட்டிட்டுப் போறேன்” என்றார் அழுகைக்கு நடுவே.

“போலாங்க. இனிமே என்ன அவசரம்?” பல நாளாகத் தொண்டையில் சோறு இறங்காதிருந்தவள் அவர் கையைப் பிடித்து எழுப்பினாள். “முதல்ல சாப்பிடப் போலாம், வாங்க. பசியில உயிரே போகுது!”