கோலம் இல்லாத வீடு

"இன்னிக்கு எத்தனை கோலம்?" கட்டிலில் சாய்ந்தபடியே கேட்டாள் தனக்கோடி.

"மூணு. ஏரிக்கரையில ஒண்ணு, செம்பாக்கம் போற வழியில ரெண்டு." சிட்டிபாபு குரங்குக் குல்லாயைக் கழற்றிவிட்டு நோட்டை நீட்டினார்.

"இது என்ன, கோழியா?"

"மயிலு. பனியில எனக்கு அப்படித்தான் தெரிஞ்சுது."

ரயில்வே ஆபீசில் முப்பத்து நான்கு வருடம் ஃபைல் புரட்டிய கைக்குக் கோலம் எங்கே வரும்? ஆனாலும் மார்கழி பிறந்த நாள் முதல் விடிவதற்குள் நோட்டும் பென்சிலுமாகக் கிளம்பிவிடுகிறார் மனிதர்.

எல்லாம் தனக்கோடியின் காலுக்காகத்தான். கார்த்திகை தீபத்தன்று வழுக்கி விழுந்து கணுக்கால் பிசகிவிட்டது. மருந்து வாங்கிக்கொண்டு அவர் திரும்புவதற்குள் டாக்டரிடம் பேசி முடித்துவிட்டு வெளியே வந்தவள், "பொங்கல் வரைக்கும் காலை ஊனக் கூடாதாம்" என்றாள். அன்றிலிருந்து உட்கார்ந்தபடியே சமையலை முடித்துவிட்டு, நொண்டிக்கொண்டே கட்டிலுக்குப் போய்விடுவாள்.

சிட்லபாக்கத்தில் அவர்கள் தெருவில் எல்லா வீடும் ஒரே அச்சு, எல்லாவற்றுக்கும் பச்சை கேட். மார்கழி வந்தால் தனக்கோடியின் கோலத்தைப் பார்க்க அடுத்த தெருவிலிருந்து ஆள் வரும். இந்த வருடம் சிட்டிபாபு தண்ணீர் தெளிப்பதோடு சரி. வாசல் வெறுந்தரையாகக் கிடந்தது.

"என்னாலதான் போட முடியல. மத்தவங்க போட்டதையாவது பாக்கணும்போல இருக்கு. வரைஞ்சுகிட்டு வர்றீங்களா?" என்று அவள் கேட்டபோது கண் கலங்கியிருந்தது.

நடை என்றால் அவருக்கு வேப்பங்காய். புரட்டாசியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது இதே டாக்டர்தான் தினமும் நடக்கச் சொன்னார். "வேலைக்கு ஓடினதே போதும் சார்" என்று மாத்திரையோடு எழுந்து வந்துவிட்டார். இப்போது மனைவிக்காக என்றதும் வாயைத் திறக்க முடியவில்லை.

முதல் வாரம் பக்கத்துத் தெருக்கள். அது அவளுக்கு அலுத்துவிட்டது. ஏரிக்கு அந்தப் பக்கம் என்ன போடுகிறார்கள் என்று பார்க்கச் சொன்னாள். அப்புறம் செம்பாக்கம். தூரம் கூடிக்கொண்டே போனது.

திட்டிக்கொண்டேதான் நடந்தார். ஆனால் ஏரிமேல் பனி மெல்ல விலகி, கொக்குகள் ஒவ்வொன்றாகக் கண்ணில் படும்போது கால் தானாக நின்றுவிடும். வரப்பில் நடந்தால் புல்லின் ஈரம் முழங்கால் வரை ஏறும். பனைமரங்களுக்குப் பின்னால் சூரியன் சாவகாசமாக எழுந்திருக்கும். இருபது வருடமாக இங்கே குடியிருந்தும் ஸ்டேஷனுக்குப் போகும் வழியைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லையே என்று அவருக்கே வெட்கமாகிவிட்டது. இடுப்பு பெல்ட்டும் ஒரு ஓட்டை உள்ளே போயிருந்தது.

செம்பாக்கத்தில் ஒருநாள் எல்லம்மா என்றொருத்தி பிடித்துக்கொண்டாள். "இன்னா சார், வூட்டு முன்னால குந்திகினு எழுதற? ரோடு போட இடிக்கப் போறாங்களா?"

"அதெல்லாம் இல்லம்மா. என் சம்சாரத்துக்குக் கால் சரியில்ல. உன் கோலத்தைக் காட்டணும்."

எல்லம்மா நோட்டை எட்டிப் பார்த்தாள். "இத்த காட்டினா கீற காலும் போய்டும் சார்." பென்சிலைப் பிடுங்கித் தானே வரைந்து, வேலியில் பறித்த பூசணிப்பூ ஒன்றையும் கையில் கொடுத்து அனுப்பினாள்.

பூவைப் பார்த்துத் தனக்கோடி சிரித்தாள். அந்தச் சிரிப்பில் தைரியம் வந்து அவர் கேட்டார். "காணும் பொங்கலுக்கு வருஷா வருஷம் கோவளம் போவோமே. மணல்ல நடக்க முடியுமா உன்னால?"

"பாப்போம்" என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இவள் இனி நடக்கவே மாட்டாளோ? அன்று முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை.

போகி வந்தது. பனி போதாதென்று தெருவெல்லாம் பழைய பாயும் டயரும் எரித்த புகை. பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. ஏரியைச் சுற்றிவிட்டுத் தன் தெருவுக்குள் நுழைந்த சிட்டிபாபு தரையைப் பார்த்துக்கொண்டே வந்தார். இந்த ஒரு மாதத்தில் வீடுகளைக் கோலத்தை வைத்தே அடையாளம் காணப் பழகிவிட்டார். தேர்க்கோலம் போட்டிருந்தால் போஸ்ட்மாஸ்டர் வீடு. அதை அடுத்து வெறுந்தரையாக இருந்தால் தன் வீடு.

தேர்க்கோலம் வந்தது. வெறுந்தரை வரவில்லை. அதற்குப் பதிலாக வாசலை அடைத்துக்கொண்டு ஒரு மயில் கோலம். தெரு மாறி வந்துவிட்டோம் போலிருக்கிறது என்று நினைத்தார். இருந்தாலும் இப்படி ஒரு கோலத்தை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. குந்தி உட்கார்ந்து நோட்டைத் திறந்தார்.

கேட் திறக்கும் சத்தம் கேட்டது.

"பாத்தும்மா, மிதிச்சிடாதீங்க" என்றார், தலை நிமிராமல். "என் சம்சாரத்துக்கு வரைஞ்சு காட்டணும். இது எத்தனை புள்ளி?"

"பத்தொன்பது புள்ளி, பத்து வரைக்கும், ஊடு புள்ளி. எப்படியும் கோழியாத்தான் வரப்போகுது, உள்ள வாங்க, காபி ஆறுது."

பென்சில் அப்படியே நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தார். எதையும் பிடிக்காமல், கட்டு இல்லாத காலோடு நின்றுகொண்டிருந்தாள் தனக்கோடி.

"உன் கால்..."

"அது மார்கழி பொறக்கறதுக்குள்ளயே சரியாயிடுச்சுங்க" என்றாள். "ஒரு மாசம் விடாம நடந்தா உங்க நெஞ்சு தேறிடும்னு டாக்டர் சொன்னாரு. அதான் ஒரு மாசமா நான் நடக்கல."