மேல்செலவு

"மறுபடியும் கதவத் தட்டுதான். நீங்க திறக்காதிய," என்று கிசுகிசுத்தாள் விஜயராணி.

"திறக்கலன்னா உள்ள என்னமோ ஏதோன்னு அவனே சாவி போட்டுத் திறப்பான்," என்றார் பிரம்மநாயகம். சொன்னாரேயொழிய, கதவருகே செல்லவில்லை. கட்டிலுக்கும் சுவருக்கும் இடையே கிடந்த சிறிய இடத்தில் மேலும் கீழுமாக நடந்தார். காலையில் மும்பைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியதிலிருந்தே அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

தாராவியில் தோல்பை தைக்கும் பட்டறை நடத்துபவர் அவர். மொத்தமாகப் பை வாங்கும் வியாபாரி ஒருவர், விற்பனை நன்றாக நடந்த மகிழ்ச்சியில், குடும்பத்தில் மூவருக்கும் கப்பல் டிக்கெட் எடுத்துக் கொடுத்திருந்தார். அறையும் சாப்பாடும் டிக்கெட்டில் அடங்கும். மற்றவை எல்லாம் மேல்செலவு. வைஃபை வேண்டாம், போட்டோ வேண்டாம் என்று ஏறும்போதே மறுத்தாயிற்று. திட்டமிட்டு எடுத்துவந்த ரொக்கம் ஓர் உறையில் இருந்தது. நடுக்கடலில் போன் வழியாகப் பணம் பெற வழியில்லை. உறை தீர்ந்தால் தீர்ந்ததுதான். நாளை கப்பல் நிற்கும் தீவில், அடியில் கண்ணாடி பதித்த படகில் ஏறி மீன் பார்க்க வேண்டும் என்பது மகள் முத்துமாரியின் ஒரே ஆசை. உறையின் பெரும்பகுதி அதற்காகவே ஒதுக்கப்பட்டிருந்தது.

டிப்ஸ் என்ற ஒன்றைத்தான் அவர் திட்டத்தில் சேர்க்கவில்லை. எதிர் அறைக்காரர் அறைப் பணியாளனிடம் ஒரு நோட்டை நீட்டியதைக் கண்டதும், கௌரவம் கருதித் தாமும் நீட்டினார். அதிலிருந்து அந்தப் பையன் வந்த வண்ணமாக இருக்கிறான். சோப்பு, தண்ணீர், தலையணை என்று ஒவ்வொரு முறையும் ஒரு சாக்கு. ஒவ்வொரு முறையும் ஒரு நோட்டு.

வேறு வழியின்றிக் கதவைத் திறந்தார். வெள்ளைச் சீருடை அணிந்த இளைஞன் நின்றுகொண்டிருந்தான். மார்பில் 'சாண்டி' என்று பெயர்ப்பட்டை. அந்தப் பெயரைக் கொண்டே அவனைக் கோவாக்காரன் என்று கணவனும் மனைவியும் தீர்மானித்திருந்தார்கள்.

"எக்ஸ்ட்ரா டவல், சார்ஜி," என்றவன், துண்டை வைத்துவிட்டு, சுருக்கமே இல்லாத படுக்கை விரிப்பை நீவத் தொடங்கினான்.

விஜயராணி முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டாள். லோக்கல் ரயிலில் எதிரே இருப்பவரைப் பற்றி அவர் முகத்தைப் பார்த்தே தமிழில் விமரிசித்துப் பழகிய வாய் அது. "நோட்டக் கண்ணுல காட்டாம இந்தக் கோவாக்காரன் நகர மாட்டான், பாத்துக்கிடுங்க."

"மெல்லப் பேசு."

"எதுக்கு மெல்ல? அவனுக்கு என்ன விளங்கப் போவுது? பட்டறையில நூல்கண்டுக்கு ரெண்டு ரூவா கூடச் சொன்னா தெருவே திரும்பிப் பாக்க மாதிரி கத்துவிய. இங்க வந்து படா சேட்டு மாதிரி நீட்டுதிய."

"ஒரு மரியாதைக்குக் குடுத்தது தப்பா? ஒங்க அண்ணன மாதிரி, பில்லு வந்ததும் கக்கூசுல போயி ஒளியச் சொல்லுதியா?"

"எங்க அண்ணன எதுக்கு இழுக்கிய?"

"அவர இழுக்கதுக்கு கிரேன்தான் வரணும். நான் எங்க இழுக்க?"

சாண்டி இப்போது முதுகைக் காட்டியபடி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தான். பிரம்மநாயகத்தின் பொறுமை கரைந்தது. ஒரு நோட்டை அவன் கையில் திணித்து அனுப்பிவைத்தார்.

"மிச்சம் இருக்கா, இல்ல அதையும் தானம் பண்ணியாச்சா?" என்று கேட்டாள் விஜயராணி.

அவர் உறையைப் பிரித்துப் பார்த்தார். "படகுக்குச் சரியா இருக்கு. இனி ஒரு ரூவா எடுக்க மாட்டேன்."

பொழுது சாய்வதற்குள் மீண்டும் கதவு தட்டப்பட்டது.

"வந்துட்டாரு ஒங்க மருமவன்," என்றாள் அவள்.

இம்முறை அவன் தட்டில் தேநீர் ஏந்தி வந்திருந்தான். இவர்கள் கேட்கவே இல்லை. கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்துவைத்து, நிதானமாக ஊற்றினான்.

"குடிக்காதிய. ஓசின்னு குடுத்துட்டுக் கைய நீட்டுவான்."

"ஊத்திட்டானே, இனி கெண்டியிலயா திருப்பி ஊத்த முடியும்?"

"அப்ப படகுக் காசத் தூக்கிக் குடுங்க. பெத்த பிள்ள கரையில நின்னு வேடிக்க பாக்கட்டும்."

கட்டிலில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்த முத்துமாரி தலையை உயர்த்தவில்லை. "படகு வேண்டாம்ப்பா. நான் கப்பல்ல நின்னே மீன் பாத்துக்கிடுதேன்."

பிரம்மநாயகம் உறையை இறுகப் பற்றிக்கொண்டு இளைஞனின் பக்கம் திரும்பினார். "பாயி, பஸ். அவுர் பைசா நஹி," என்று, போதும், இனிக் காசு இல்லை என்பதை இந்தியில் கூறி, இனி வரவேண்டாம் என்பதைக் கையாலும் உணர்த்தினார்.

சாண்டியின் முகம் வாடியது. தன் சட்டைப் பையிலிருந்து சில நோட்டுகளை எடுத்துத் தேநீர்த் தட்டில் வைத்தான். காலையிலிருந்து அவர் கொடுத்தவை அத்தனையும் மடிப்புக் கலையாமல் இருந்தன.

"வேண்டாம்னு சொன்னா பேச்சு வளரும், தமிழ் வெளிய வந்துரும்னுதான் வாங்கி வச்சேன், அண்ணாச்சி," என்றான் அவன், நெல்லைத் தமிழில். "என் பேரு சந்தியாகு, மும்பையில வடாலாவுலதான் வீடு. கப்பல்ல வேலைக்கு ஏறினதுலேருந்து வீட்டுக்குன்னு எறங்கவே இல்ல."

விஜயராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"போன்ல கூப்ட்டா எங்க அப்பாவும் அம்மையும் எனக்காவ நல்ல பிள்ளையளாட்டம் பேசுதாவ, எங்க வீட்டுச் சத்தமே காதுல விழ மாட்டேங்கு," என்றவன் தயங்கினான். "கோவிச்சுக்கிடாம, அக்கா, இன்னும் கொஞ்ச நேரம் சண்ட போடுதியளா? கேட்டுட்டுப் போயிருதேன்."