லேசான விருந்தாளி

ஒரு வீட்டில் பழைய மடிக்கணினி ஒன்று இருந்தது. அதைத் திறந்து வைத்துவிட்டுக் குளித்துவிட்டே வரலாம். அப்போதும் அது விழித்திருக்காது. ஆயுத பூஜைக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது பழைய சாமான்காரரிடம் போட்டுவிடலாம் என்று அம்மா சொன்னது அதன் காதிலும் விழுந்தது.

பூஜையன்று காலை, ஊரிலிருந்து வந்த மகன் அதில் ஒரு பென்டிரைவைச் செருகினான்.

"லினக்ஸ்னு வேற ஒரு சிஸ்டம் கொண்டு வந்திருக்கேன் அக்கா. ரொம்ப லேசானது" என்றது பென்டிரைவ்.

"எனக்கெதுக்குத் தம்பி? உடம்பே போயிடுச்சு."

"உடம்புக்கு ஒண்ணுமில்லே. புது மிஷினுக்குச் செஞ்ச சிஸ்டத்தை நீ சுமக்கறே. மூச்சு வாங்காதா?"

"பிள்ளைங்க போட்டோ எல்லாம் என்கிட்ட இருக்கே, அழிஞ்சுடுமோ?"

"நான் எதையும் தொடமாட்டேன். இப்போ உனக்குள்ளே எதையும் போடாம, என்கிட்டேயிருந்தே ஓட்டிப் பாரு. பிடிக்கலேன்னா கிளம்பிடறேன்."

கடவுளே என்று மடிக்கணினி ஆரம்பித்தது. அம்மா விளக்குத் திரியைத் தூண்டிவிட்டுத் திரும்புவதற்குள் திரை பளிச்சென்று வந்துவிட்டது. மகன் ஒரு தட்டுத் தட்டினான். பெரிய மகளின் கல்யாணப் போட்டோ உடனே விரிந்தது. அம்மாவுக்குக் கண் நிறைந்தது.

வாசலில் பழைய சாமான்காரர் குரல் கொடுத்தார்.

"இன்னைக்கு ஒண்ணுமில்லேப்பா, போயிட்டு வா" என்றாள் அம்மா.

பிறகு மடிக்கணினிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள்.

"இது உனக்குச் சேர வேண்டியது தம்பி" என்றது மடிக்கணினி.

"எனக்கு வைக்க இடமேது அக்கா?" என்று சிரித்தது பென்டிரைவ்.

அதற்குள் அம்மா ஒரு தீக்குச்சியின் முனையில் குங்குமம் தொட்டு எடுத்து வந்தாள்.