ஜெபத்தில் எடுத்த ஓட்டு

"எல்லாரும் கண்களை மூடுவோம்" என்றார் போதகர் ஏசுரத்தினம்.

ஜெயகுமாரியும் மூடினாள். மூடியதும் தலைக்குள் இருந்த குழப்பம் இன்னும் பெரிதானது.

சித்தூரில் இந்தச் சபைக்கென்று ஒரு வழக்கம் உண்டு. தகராறு வரக்கூடிய விஷயம் எதுவானாலும் ஜெபத்தில்தான் முடிவெடுப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டே கையைத் தூக்க வேண்டும், போதகர் மட்டும் பார்த்துக்கொள்வார். மறுநாள் தெருவில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டுமே, அதற்காகப் பெரியவர்கள் செய்துவைத்த ஏற்பாடு. இதுவரை ஒரு சண்டையும் வந்ததில்லை.

இன்றைய விஷயம் சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் புளியந்தோப்பு. சாலையை அகலப்படுத்திய பிறகு அந்த இடத்துக்குத் திடீரென்று மவுசு வந்துவிட்டது. திருப்பதிக்காரர் ஒருவர் நீண்ட குத்தகைக்குக் கேட்கிறார். கீழே துணிக்கடை, நகைக்கடை, மேலே கல்யாண மண்டபம் என்று பெரிய காம்ப்ளெக்ஸ் வருமாம். சபைப் பிள்ளைகளுக்கு அங்கே வேலை என்று வாக்கும் கொடுத்திருக்கிறார்.

தோப்பின் ஓரத்தில் வரிசையாகக் கட்டிய சபையின் லைன் வீடுகள் இருக்கின்றன. அதில் ஒன்றில்தான் ஜெயகுமாரி, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து. காம்ப்ளெக்ஸ் வந்தால் லைன் வீடுகள் இருக்காது. வேறு இடத்தில் கட்டித் தருவோம் என்கிறார்கள். எந்த இடம் என்று கேட்டால் மட்டும் பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது.

வேண்டாம் என்று இருந்துவிடலாம்தான். ஆனால் மகன் ஜெபசிங் டிகிரி முடித்துவிட்டுப் போனைத் தேய்த்துக்கொண்டு வீட்டில் கிடக்கிறான். உள்ளூரில் வேலை கிடைத்தால் பெங்களூருக்கு ஓட மாட்டான். அவன் இருப்பான், வீடு இருக்காது. வீடு இருந்தால் அவன் இருக்க மாட்டான். எந்தப் பக்கம் யோசித்தாலும் பாதி வழியில் திரும்பி வந்துவிடுகிறாள்.

"தோப்பைக் கொடுக்கச் சம்மதிக்கிறவர்கள் கையை உயர்த்துங்கள்."

அவள் கை மடியிலிருந்து கொஞ்சம் எழும்பியது. பிறகு தானாக இறங்கியது.

பக்கத்தில் கேசியா டீச்சர். அடுத்த வீட்டுக்காரி, விவரமானவள். அவள் செய்வதையே செய்துவிட்டால் என்ன?

ஜெபத்தில் கண்ணைத் திறக்கக் கூடாது என்று ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளின் தலையில் குட்டுபவளே ஜெயகுமாரிதான். ஆண்டவரே மன்னியும் என்று சொல்லிக்கொண்டு ஒரு கண்ணைத் திறந்தாள்.

கேசியாவின் கைகள் மடியில் இருந்தன. கண்கள் மூடியிருந்தன.

"ஸ்தோத்திரம். அங்கே ஒரு கையைப் பார்க்கிறேன்" என்றார் போதகர்.

எங்கே? ஜெயகுமாரி மறு கண்ணையும் திறந்தாள். பெண்கள் பக்கம் ஒரு கையும் இல்லை. ஆண்கள் பக்கம் பார்த்தாள். குனிந்த தலைகள்தான் தெரிந்தன.

"பின்னால் ஒரு கை. ஸ்தோத்திரம். இதோ, இன்னொரு கை."

பின்னால் காலி பெஞ்சுகள் மட்டுமே இருந்தன.

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. போதகரைப் பார்த்தாள். மனந்திரும்புகிறவர்களைக் கை தூக்கச் சொல்லும் எழுப்புதல் கூட்டங்களில் நிற்பது போலவே முகத்தை மேலே தூக்கி, கண்களை இறுக மூடிக்கொண்டு, அவர் கைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

விசுவாசக் கண்ணால் பார்க்கிறாரோ? இல்லை, தனக்குத்தான் பார்வை பிசகிவிட்டதோ?

"பெரும்பாலானவர்களுக்குச் சம்மதம். கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆமென்."

சபை முழுவதும் ஆமென் என்றது. அவள் வாயும் சொல்லிவிட்டது.

எழுந்து கேட்க வேண்டும் என்று நினைத்தாள். ஒரு கைகூட எழவில்லையே, ஐயா. கேட்டால் அடுத்த கேள்வி அவளுக்குத்தான் வரும். நீ எப்படிப் பார்த்தாய்? முன்வரிசையில் அவள் குட்டிய பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். வெட்கத்தோடு பைபிளை எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

வெளியே வந்ததும் லைன் வீட்டுக்காரர்கள் தோப்புப் பக்கம் கூடிவிட்டார்கள்.

"நான் தூக்கலம்மா. எந்தப் புண்ணியவான் தூக்கினானோ தெர்ல" என்றாள் ரத்தினம்மா.

"ரோட்டு மேல ரெண்டு மாடி கட்டிக்கினு கீறாங்களே, அவுங்கதான் தூக்கியிருப்பாங்க. அவுங்க ஊடா போவுது?" என்றார் கடைசி வீட்டு தேவதாஸ்.

எல்லாரும் தலையாட்டினார்கள். இன்னார் இன்னார் என்று பெயர்கள்கூட வந்தன. பாவம், அவர்கள் யாரும் தூக்கவில்லை என்று ஜெயகுமாரிக்குத் தெரியும். "நானும் தூக்கல" என்று மட்டும் சொல்லிவைத்தாள்.

 கேசியா டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

"பாஸ்டரய்யா கடைசி வரிக்கும் கண்ணத் தொறக்கவே இல்ல."

தேவதாஸ் புளியமரங்கள் பக்கம் திரும்பிக்கொண்டார், ரத்தினம்மா முந்தானையைச் சரிசெய்தாள்.

அது உனக்கு எப்படித் தெரியும் என்று அவளை ஒருவர்கூடக் கேட்கவில்லை.