ஜன்னல் காக்கா

மதியச் சோற்றுக்காகப் பள்ளிக்கூட ஜன்னலில் காத்துக் கிடக்கும் காக்கா ஒன்று இருந்தது. மற்ற காக்கைகள் அதற்கு ஜன்னலி என்று பட்டப்பெயர் வைத்திருந்தன. சோறு வரும்வரை அது வகுப்பை வேடிக்கை பார்க்கும். பிள்ளைகள் எதைச் சொன்னாலும் டீச்சர், "அது உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பார். கேட்டுக் கேட்டு அந்தக் கேள்வி ஜன்னலிக்கும் தொற்றிக்கொண்டது.

ஒருநாள் காலையில் கரண்டுக் கம்பியில் கருப்பாக ஏதோ தொங்கியது. ஒரு காக்கா செத்தால் எல்லாக் காக்கைகளும் கூடிக் கத்துவதுதானே வழக்கம்? அன்றும் கூடிக் கத்தின.

"நம்ம ஆளைக் கொன்னுட்டாங்க. அந்த மைனாக்கள் வேலைதான்," என்றது அண்டங்காக்கா. "வாங்க, அதுங்க கூட்டைப் பிரிச்சு எறியலாம்."

கூட்டில் கண் திறக்காத மைனாக் குஞ்சுகள் இருந்தன.

"மைனாதான்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று ஜன்னலி கேட்டது.

"எல்லாரும் சொல்றாங்க."

"சரி, செத்தது யாரு?"

காக்கைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. யாரும் குறையவில்லை.

ஜன்னலி கம்பிக்குப் பறந்துபோய், தொங்கியதைக் கொத்தி இழுத்து வந்து காக்கைகள் கூடியிருந்த மரக்கிளையில் போட்டது. அது கிழிந்த குடைத்துணி.

அண்டங்காக்கா தொண்டையைச் செருமிக்கொண்டது. "இன்னைக்குக் குடையா இருக்கலாம். நாளைக்கு அந்த மைனாக்கள் நம்மைக் கொல்லத்தான் போகுது."

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

இந்த முறை கேட்டது ஜன்னலி இல்லை. காலையிலிருந்து எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்திக்கொண்டிருந்த காக்கா.

மறுநாள் மதியம் ஜன்னலி பள்ளிக்கூடத்துக்குப் போனபோது, ஜன்னல் முழுக்கக் காக்கைகள்; அதற்கு உட்கார இடம் இல்லை.